பறவை இருக்கிறதோ இல்லையோ, கண்ணி இருக்கிறது

அன்புள்ள கயல்,

உன் மெயிலை அப்பாவும் நானும் படித்தோம். வியட்நாம் காட்டில் நீங்கள் வைத்த கேமராவில் காட்டுப்பன்றி வருகிறது, வெள்ளி ஃபெசன்ட் வருகிறது, நீங்கள் தேடும் எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் என்ற அந்தக் கோழி இனத்துப் பறவை மட்டும் வருவதே இல்லை, "இல்லாத பறவைக்கு எதுக்கும்மா இவ்வளவு பேர், இவ்வளவு செலவு?" என்று கேட்டிருக்கிறாய். சலிப்பில் எழுதியிருக்கிறாய், தெரிகிறது. இருந்தாலும் கேள்வி சரியான கேள்விதான்.

காட்டில் அது இருந்ததற்கான கடைசி உறுதியான பதிவு 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பும் அது ஒரு தடவை காணாமல் போயிருக்கிறது. 1930-களுக்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 1996-இல் திடீரென்று அகப்பட்டது. அப்போது அகப்பட்டது போல இப்போதும் அகப்படும் என்று சொல்பவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. அந்த நாட்களில் போர் காரணமாக அந்தக் காட்டுக்குள் போய்த் தேடியவர்களே குறைவு. இப்போதோ வருஷக்கணக்கில் கேமரா வைத்துத் தேடுகிறார்கள். தேடாமல் கிடைக்காததும் தேடியும் கிடைக்காததும் ஒன்றாகுமா?

பிறகு ஏன் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் சிவப்புப் பட்டியலில் 'காட்டில் அற்றுப்போனது' என்று போடாமல் 2012-லிருந்து 'அழிவின் விளிம்பில்' என்றே வைத்திருக்கிறார்கள்? அற்றுப்போனது என்று எழுத வேண்டுமானால் அது வாழக்கூடிய இடங்களையெல்லாம் சலித்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எழுதிவிட்டால் அந்தக் காட்டைக் காக்கிறவன் கையும் தளர்ந்துவிடும். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2012 என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாலில் வெள்ளை இறகுகளோடு வியட்நாமின் ஹா தின் மாகாணப் பக்கம் கிடைத்த பறவையை 1975-இல் தனி இனமாக விவரித்து, 'வியட்நாம் ஃபெசன்ட்' என்று பெயரும் வைத்தார்கள். பின்னால், கூண்டில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து பிறந்த எட்வர்ட்ஸ் குஞ்சுகளுக்கும் அதே வெள்ளை இறகு முளைத்தது. டி.என்.ஏ.வும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே இனம்தான் என்று 2012-இல் தெரிந்தது. அப்படியென்றால் ஹா தின் காட்டில் கண்ட அந்த வெள்ளை இறகு, வெளியிலிருந்து இணை கிடைக்காமல் சின்னத் துண்டுக் காட்டில் மாட்டிக்கொண்ட கூட்டத்தின் அடையாளமாக இருந்திருக்கலாம். புது இனம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டது ஒரு நோய்க்குறியைப் பார்த்து! உயிரியல் படித்த எனக்கே இது தூக்கிவாரிப் போட்டது.

போரில் தெளித்த களைக்கொல்லியைத்தான் எல்லோரும் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். அது காட்டை அழித்தது உண்மை. ஆனால் போர் முடிந்தபிறகு மரவெட்டும் தோட்டப்பயிரும் தாழ்நிலக் காட்டைத் துண்டு துண்டாக்கியதும், அதற்கு மேல் கண்ணியும்தான் பெரிய கேடு என்பது என் எண்ணம். நீயே போட்டோ அனுப்பியிருந்தாய்: குச்சிகளை நட்டு நீளமாக ஒரு குட்டை வேலி, நடுநடுவே சின்னச் சின்ன வழி, வழிக்கு ஒரு கம்பிச் சுருக்கு. பன்றிக்கும் மானுக்கும் வைத்ததுதான். தரையில் இரை பொறுக்கி நடக்கும் பறவை வேலியைத் தாண்டிப் பறக்காமல் திறந்த வழியாகத்தானே போகும்? ஹுவே, குவாங் நாம் பகுதிகளில் சாவோலா என்ற அரிய காட்டு விலங்குக்காக ஒதுக்கிய காடுகளிலிருந்து மட்டும் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண்ணிகளை எடுத்தார்கள். இன்று பிடுங்கினால் நாளை வேறொன்று. கம்பி அவ்வளவு மலிவு.

கூண்டில்தான் நிறைய இருக்கிறதே, கொண்டுபோய் விடலாமே என்றும் எழுதியிருந்தாய். கூண்டுப் பறவைகளில் பெரும்பாலானவை, 1920-களில் பிரெஞ்சுக்காரர் ஜான் டெலக்கூர் பிடித்து அனுப்பிய சில பறவைகளின் வழிவந்தவை. இடையில் தைவானின் ஸ்வின்ஹோ ஃபெசன்டோடு கலந்தவையும் உண்டு. பரிசோதித்து விலக்க வேண்டியிருக்கிறது. சரி, சுத்தமான ஜோடிகளையே எடுத்து வியட்நாமின் லே துய் பக்கம் பழக்கி விட்டாலும், கண்ணி நிற்கும் காட்டில் விடுவது கொலைக்குச் சமம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அதனால் உன் கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அது உயிரோடு ஒன்றிரண்டு இருந்தாலும் கண்ணியைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், திரும்ப விட வேண்டுமென்றால், முதலில் கண்ணியைத்தான் எடுக்க வேண்டும். கேமரா வேலை முடிந்ததும் கண்ணி எடுக்கும் ரோந்துக் குழுவோடு கொஞ்ச நாள் போக அனுமதி கேட்டுப் பார். அதில் வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றும் விசாரி. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

அட்டைக் கடியைச் சொறியாதே, புண்ணாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அப்பா காத்திருப்பார்.

அம்மா