குமுளி ஏறும் காய்கறிக்கு ஒரே அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பம், சின்னமனூரிலிருந்து குமுளி வழியாகக் கேரளம் செல்லும் காய்கறி லோடுகளை ஒப்பிட மென்பொருள் வாங்க நினைப்போர், முதலில் அளவை ஒன்றாக்க வேண்டும். 'சேதாரம்' என்ற சொல்லையே பாருங்கள். ஒருவர் அழுகியதை மட்டும் எண்ணுகிறார்; இன்னொருவர் வழியில் வற்றிய எடையையும் சேர்க்கிறார். இந்த இரு எண்களை எந்தக் கணினியில் போட்டும் பயனில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும் முத்திரையிட்ட தராசில் நிறுத்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, நேரத்தோடு எழுத வேண்டும். தக்காளியைத் தக்காளியோடு, மழைக்காலத்தை மழைக்காலத்தோடுதான் ஒப்பிடலாம். மலைப்பாதையில் ஒரு லாரி பழுதாகி நின்றாலே சராசரி சாய்ந்துவிடும். லோடுகளின் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவே பொருத்தம்.

நேரம், அளவு, தரம், பில் நான்கிலும் தனித்தனியே 95 விழுக்காடு லோடுகள் சரி என்றால் நன்றாகத்தான் தெரியும். தவறுகள் வெவ்வேறு லோடுகளில் விழுந்தால், நான்கும் சரியாக அமைந்தவை 80 விழுக்காடே. அதனால் மாத மொத்தம் போதாது, லோடு வாரியாகப் பதிவு தேவை.

முதல் மூன்று மாதத்துக்கு எக்செல் போதும். பிறகு வாங்கும் மென்பொருளில், நம் தரவை முழுமையாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே சோதித்துவிடுங்கள்.

காய்கறி வணிகர்கள்,
கம்பம்.