தால் என்றால் நாக்கு

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டுவது இங்கேயே கேட்கிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. பேத்தி பிறந்திருக்கிறாள்! தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு சம்பந்தியம்மாவுடையது. வாய் அப்படியே என் தங்கை. பேச்சுப்போட்டியில் மணியடித்த பிறகும் இறங்கமாட்டேன் என்று நின்றாளே, அதே வாய்.

ராத்திரியானால் ஒரே அழுகை. மகள் 'உஷ், உஷ்' என்று தட்டிக்கொடுத்துப் பார்க்கிறாள். தாலாட்டுப் பாடேன்டி என்றால், "எனக்குப் பாட வராதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நடுவில் மருமகன், "ஆட்டுவது தொட்டிலை, அப்புறம் ஏன் தாலாட்டு?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். இதோ ஆரம்பித்துவிட்டாள் என்று நீ சிரிப்பாய். சிரி, ஆனால் கேள்.

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டுவது தாலாட்டு. பாட்டு என்ற சொல்லே அதில் இல்லை, பார்த்தாயா? 'உஷ்', 'கப்சிப்', 'வாயை மூடு' எல்லாம் அடுத்தவர் வாயை அடைக்கிற சொற்கள். இந்த ஒரு சொல்லில்தான் அசைய வேண்டியது அமர்த்துகிறவளின் நாக்கு.

தொல்காப்பியர் ர, ழ இரண்டும் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறார்: 'நுனிநா அணரி அண்ணம் வருட'. நாக்கின் நுனி மேலே எழுந்து அண்ணத்தை வருட வேண்டுமாம். வருட! இப்போது 'ஆராரோ ஆரிரரோ' என்று மெதுவாகச் சொல்லிப் பார். ஒவ்வொரு ரகரத்துக்கும் நுனிநாக்கு மேலே போய்த் தொட்டுவிட்டு வரும். பிள்ளையின் முதுகில் கை செய்கிற வேலையை வாய்க்குள் நாக்கு செய்கிறது. எத்தனை வருஷமாகச் சொல்கிற சொல், எனக்கு உடம்பே சிலிர்த்துப்போயிற்று.

பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் 'தாலேலோ' பாடினார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். மலையாளத்தில் இன்றும் 'தாராட்டு' என்கிறார்கள்.

மகளிடம் இதைச் சொன்னேன். ராகம் வேண்டாம், ரோ ரோ என்று நாக்கை அசைத்தால் போதும் என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் தொடங்கினாள். பேத்தி அழுகையை விட்டுவிட்டு அம்மாவின் வாயையே பார்த்தாள். தூங்கினாள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் இப்போது மறுக்காமல் சொல்கிறாள்.

இனிமேல்தான் என் கவலை. ரோ ரோ அவளுக்கு வந்துவிட்டது. அதன்மேல் வரும் அடிகளுக்கு எங்கே போவேன்? மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்பதைத் தாண்டி எனக்கு நினைவில்லை. உன் அம்மா மாமன் சீரை வரிசையாக அடுக்கிப் பாடுவார்களே, அது எழுத்தில் எங்கும் இல்லை. அவர்களுக்குப் பாட முடிகிற இப்போதே போனில் பதிவுசெய்து அனுப்பு. நடுவில் இருமினாலும் நிறுத்தாதே. நாளைக்கு என்று தள்ளாதேடி, இந்த வாரமே செய்.

முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழி