பெருங்குடல் புற்றுநோய் ஜீன் டெஸ்ட் செய்தி பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பெருங்குடல் புற்றுநோய் திரும்ப வருமான்னு நோய் எதிர்ப்பு ஜீன்களே சொல்லிடும்னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க. நான் பேத்தாலஜி லேப்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவன், அதைப் படிச்சுட்டு தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த டெஸ்ட் எங்க எடுக்கறதுன்னு கேட்டு வந்துட்டார், அதான் எழுதறேன்.

அடிப்படை விஷயம் பொய் இல்லீங்க. கட்டியோட நடுவுலயும் விளிம்புலயும் டி செல்ங்கற நோய் எதிர்ப்பு வெள்ளணு எவ்வளவு கூடியிருக்குன்னு பாத்தா நோயோட போக்கை ஓரளவு சொல்லலாம்னு பாரிஸ்ல ஜெரோம் கலோன் டீம் 2006-லயே சயின்ஸ் பத்திரிகைல எழுதிட்டாங்க. மைக்ராஸ்கோப்ல பாத்தவங்களுக்குத் தெரியும், சில ஸ்லைடுல கட்டி ஓரம் பூரா கருநீலப் புள்ளியா வெள்ளணு மொய்ச்சுக்கிட்டு நிக்கும், சிலதுல தேடணும். அந்த செல் இருக்கற இடத்துல கிரான்சைம் பி, இன்டர்ஃபெரான் காமா மாதிரி நோய் எதிர்ப்பு ஜீன் எல்லாம் வேலை செய்யும், அதை அளக்கறதும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான். செல்லை எண்ணுற முறைக்கு இம்யூனோஸ்கோர்னு பேரு, 13 நாட்டுல 2,681 பேரோட திசுவுல பாத்து 2018-ல லான்செட்ல போட்டாங்க, அதுல அகமதாபாத்தும் உண்டு.

நீங்க போட்டது வேற ரகம். அமெரிக்காவுல டிசிஜிஏ-னு பொதுவுல வெச்சிருக்கற புற்றுநோய் ஜீன் டேட்டாவை ஆளாளுக்கு டவுன்லோட் பண்ணி, நூத்துக்கணக்கான ஜீனை கம்ப்யூட்டர்ல சலிச்சு ஏழோ எட்டோ பொறுக்கி ரிஸ்க் ஸ்கோர்னு பேர் வெச்சுடறாங்க, ஒருத்தர் பொறுக்கின ஜீன் அடுத்தவர் லிஸ்ட்ல இருக்கறதில்ல. ஹை ரிஸ்க்னு வந்தவருக்கு கீமோ குடுத்தா பிழைப்பாரான்னு கேளுங்க, அதுக்கு அதுல பதிலே கிடையாது.

இன்னிக்கே கைல இருக்கற டெஸ்ட் பத்தி செய்தில ஒரு வரி கூட இல்லையேங்கறதுதான் என் ஆத்திரம். எம்எம்ஆர் டெஸ்ட், அதாவது டிஎன்ஏ காப்பி ஆகறப்ப வர்ற பிழையைத் திருத்தற புரதங்கள் கட்டில இருக்கான்னு பாக்கறது. ஆபரேஷன்ல எடுத்த கட்டி மெழுகு பிளாக்கா லேப்லயே இருக்கும், அதுலேர்ந்து மெல்லிசா சீவி எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2-னு நாலு புரதத்துக்கு ஸ்டெயின் போடணும். பக்கத்துல இருக்கற நல்ல செல்லெல்லாம் பிரவுனாகி கட்டி செல் மட்டும் நீலமாவே நின்னா அந்தப் புரதம் அங்க காணோம்னு அர்த்தம். பெருங்குடல் புற்றுநோய்ல சுமார் 15 சதவீதம் இப்படி. பிழை திருத்தப்படாததால அந்தக் கட்டில மியூட்டேஷன், அதாவது ஜீன் மாற்றம், ஜாஸ்தி, வெள்ளணு சுலபமா அடையாளம் கண்டுக்கும், நிணநீர் முடிச்சுக்குப் பரவாத ஸ்டேஜ் 2-ல பெரும்பாலும் நல்லா தேறிடுவாங்க, 5-எஃப்யூங்கற மருந்து மட்டும் குடுக்கற கீமோ அவங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. இதே ரகக் கட்டி இருந்து நோய் பரவினவங்களுக்கோ, வெள்ளணுவைத் தூண்டி விடற பெம்ப்ரோலிசுமாப் மருந்து குடுத்ததுல நோய் முத்தாம நின்ன காலம் கீமோவை விட ரெண்டு மடங்குன்னு 2020-லயே ட்ரையல் வந்தாச்சு, விலைதான் லட்சக்கணக்குல போகுது, அதை யார் கேக்கறது. இதுல சிலருக்கு லின்ச் சிண்ட்ரோம்ங்கற பரம்பரைக் கோளாறும் இருக்கும், அப்ப கூடப்பிறந்தவங்களும் பிள்ளைங்களும் ஜீன் டெஸ்ட் பண்ணி, தேவைப்பட்டா சின்ன வயசுலயே குழாய்க் கேமரா விட்டு குடலைப் பாக்கற கொலனோஸ்கோபி ஆரம்பிக்கணும்.

அடுத்த தடவை இந்த மாதிரி ஆராய்ச்சி செய்தி போட்டா, கம்ப்யூட்டருக்கு வெளிய நேரடியா பேஷன்ட்டை வெச்சு சோதிச்சாங்களா இல்லையான்னு ஒரு வரி சேத்துடுங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ல எம்எம்ஆர் ரிசல்ட் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்கன்னு வாசகர்களுக்கு ஒரு கட்டம் கட்டியும் போடலாம்.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் லேப் டெக்னீஷியன், மதுரை