பிப்ரவரி முகாமில் விடுபடும் குஞ்சுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை நம்பித்தான் பல ஊர்களில் நாட்டுக்கோழி பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் அந்த ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு மட்டுமே. முகாமன்று பஞ்சாரத்துக்குள் கிடக்கும் குஞ்சுக்கும், பங்குனியில் பொரிக்கப்போகும் குஞ்சுக்கும் அடுத்த முகாம் வரை எந்தப் பாதுகாப்பும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லும் இந்த நோய் புகுந்தால் தடுப்பூசி போடாத வீட்டில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

முகாமில் போடுவது ஓரளவு வீரியமுள்ள உயிர்க்கிருமி. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகி, காலை முடக்கிச் சாகடிக்கும். குஞ்சுக்கு உரியது வீரியம் குறைந்த கிருமியாலான லசோட்டா சொட்டு மருந்து: ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம்தான் முகாமில் போடும் அந்த ஊசி, இறக்கைப் பக்கத் தோலுக்கடியில் அரை மி.லி. முதல் சொட்டோடு நிறுத்திவிடக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குஞ்சின் உடம்பில் இருக்கும்வரை மருந்தின் வேலையை அது பாதி தடுத்துவிடும். அதனால்தான் இரண்டாவது சொட்டு. கண்ணில் விட்டதும் குஞ்சைக் கீழே விட்டுவிடாமல், அது இமைத்துச் சொட்டை உள்வாங்கும்வரை பிடித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தவர்களும் போடாமல் விடுவதற்குக் காரணம் மருந்துக் குப்பியின் அளவு. சின்னக் குப்பியே பெரும்பாலும் நூறு கோழிக்கானது. வீட்டில் இருப்பதோ பன்னிரண்டு குஞ்சு. கலக்கிய மருந்து பனிக்கட்டிமேல் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உதவாது. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவது செத்த மருந்தைப் போடுவதுதான். போட்டோம் என்ற நிம்மதி வேறு வந்துவிடுகிறது, அது இன்னும் கெடுதல்.

இதற்கு வழி தெருவில்தான் இருக்கிறது. முட்டையைக் குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரம் வைத்திருக்கலாம், கரு கெடாது. நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வைத்தால், 21 நாளில் எல்லாம் சேர்ந்தே பொரிக்கும். ஒரு குப்பி தெருவுக்கே போதும். விடியற்காலையில் கோழியைத் திறந்துவிடுமுன் தொடங்கினால், துரத்திப் பிடிக்கும் பாடில்லாமல் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்.

ஆனால் எட்டாம் வார ஊசி போடும்போது வீட்டுக்கு வீடு ஊசியை மாற்றியே தீர வேண்டும். கிருமி உள்ளே போய் ஐந்தாறு நாள் வரை கோழி நன்றாகவே மேயும். அப்படி ஒன்றைக் குத்திய ஊசியோடு அடுத்த வாசலுக்குப் போனால் நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஊசியையும் சிரிஞ்சையும் ஸ்பிரிட்டால் துடைக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் மருந்துக்கிருமி செத்துவிடும். கொதிநீரில் போட்டு ஆறவைத்து எடுத்தால் போதும். மருந்து பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண் சிவந்து வீங்கும். மரத்தில் அடையும், கைக்குச் சிக்காத கோழிகளுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை மருந்து இருக்கிறது; அதைத் தீனியாகவே கொடுக்கலாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிவிட்ட கோழிக்கு மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை, அது தடுப்பூசிக்கு ஈடாகாது என்கிறேன். நோய் கண்ட கோழியைச் சந்தைக்கு அனுப்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு கோழிக்குக் கிடைக்கும் முந்நூறு ரூபாய்க்காகப் பத்து ஊருக்கு நோயை விற்கிறோம். செத்ததை வாய்க்காலில் எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியாகக் கட்டி வைக்க வேண்டும். ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய அவ்வளவு நாளாகும்.

துறையினரிடம் கேட்பது ஒன்றே. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் மாதத்தில் ஒரு நாளைக் குஞ்சுகளுக்கென்று ஒதுக்கி, காலை ஆறு மணிக்கே லசோட்டா சொட்டு மருந்து கொடுக்கட்டும். அந்தத் தேதியை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைத்தால், அதற்குத் தோதாக அடை வைக்கும் நாளை மக்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர்,
ஒட்டன்சத்திரம் வட்டம்.