மூன்று குருக்களின் நினைவும் சொல்லாமல் விடப்படும் வழக்கும்

பிலிப்பைன்ஸ் கத்தோலிக்க ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களுக்கு வணக்கம்.

மரியானோ கோமெஸ், ஹொசே பூர்கோஸ், ஹசிந்தோ சமோரா ஆகிய மூன்று குருக்களைத் தங்கள் நாடு ஆண்டுதோறும் பிப்ரவரி 17 அன்று நினைவுகூர்கிறது. 1872இல் அதே நாளில், மணிலாவின் பகும்பாயன் திடலில், கழுத்தில் இரும்புப் பட்டையை மாட்டித் திருகி நெரிக்கும் பொறியில் அவர்கள் கொல்லப்பட்டார்கள். நாட்டுக்காக உயிர்நீத்த குருக்கள் என்று திருச்சபை அவர்களைப் பெருமையோடு உரிமை கொண்டாடுவதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால், ஸ்பானியக் காலனி அரசின் கொடுமை என்ற ஒன்றோடு அந்தக் கதையை முடித்துவிட்டால், அவர்கள் எதற்காக வழக்காடினார்கள் என்பதும் யாரோடு வழக்காடினார்கள் என்பதும் மறைந்துவிடுகின்றன. அந்த வழக்கு திருச்சபைக்குள்ளேயே நடந்தது என்பதைத் தங்கள் ஞாயிறு மறையுரைகளிலும் பள்ளிப் பாடங்களிலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அவர்கள் கேட்டது பங்குகளை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் ஊர்க் கோயில்களையும் அவற்றின் மக்களையும். மறைபரப்புக் காலம் முடிந்து ஓரிடத்தில் திருச்சபை வேரூன்றியதும், அங்குள்ள பங்குகளைத் துறவற சபையினர் ஆயருக்குக் கீழ்ப்பட்ட மறைமாவட்டக் குருக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே முறை. பிலிப்பைன்ஸில் அகுஸ்தீனியர், பிரான்சிஸ்கர், தொமினிக்கர், ரெக்கொலெக்தர் ஆகிய சபைகள் ஆயரின் மேற்பார்வையைக்கூட ஏற்க மறுத்து, நெடுங்காலமாகப் பெரும்பாலான பங்குகளை விடாமல் பிடித்திருந்தன. 1774இல் ஸ்பெயின் மன்னர் அவற்றை மறைமாவட்டக் குருக்களுக்கு மாற்ற ஆணையிட்டார். 1826இல் அது தலைகீழானது. 1849இல் காவித்தே மாகாணத்தின் ஏழு பங்குகள் உள்நாட்டுக் குருக்களின் கையிலிருந்து போயின. 1861இல் நடந்தது இன்னும் விந்தையானது. மிந்தனாவோவின் மறைபரப்புத் தளங்களை இயேசு சபைக்கு விட்டுக்கொடுத்த ரெக்கொலெக்தர்களுக்கு ஈடாக, மணிலா உயர்மறைமாவட்டத்தில் உள்நாட்டுக் குருக்கள் நடத்திவந்த பங்குகள் தரப்பட்டன. இரண்டு துறவற சபைகளுக்கு இடையிலான கணக்கை நேர்செய்ய, அந்த மண்ணில் பிறந்த குருக்களின் பங்குகளை எடுத்துக் கொடுத்தார்கள்.

இதை எதிர்த்து எழுதியவர் அருட்தந்தை பெத்ரோ பெலாயெஸ். அவர் 1863 நிலநடுக்கத்தில் மணிலாப் பேராலயம் இடிந்து விழுந்தபோது அதற்குள் இறந்தார். அவருடைய வழக்கைத் தொடர்ந்தவர் பூர்கோஸ். பூர்கோஸ் ஸ்பானிய வழிவந்தவர். கோமெஸின் முன்னோரில் சீனர் உண்டு. பிறப்பால் வேறுபட்ட இவர்களை ஒன்றாக நிறுத்தியது, இத்தீவுகளில் பிறந்த குருவுக்குத் தகுதி போதாது என்று சொல்லப்பட்ட ஒரே அவமதிப்புதான். நாட்டுணர்வு முதலில் உருவெடுத்த இடங்களில் ஒன்று பங்கு இல்லத்து வாசல் என்று நான் சொல்வது இதனால்தான்.

1872 ஜனவரி 20 அன்று காவித்தே படைக்கலச் சாலையில் கலகம் வெடித்தது. வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் அங்குள்ள தொழிலாளருக்கு இருந்த விலக்கை ஆளுநர் இஸ்கியெர்தோ பறித்ததே அதற்கு உடனடிக் காரணம். ஆயினும் பழி குருக்கள் மேல் விழுந்தது. சமோராவுக்கு எதிரான சான்று, சீட்டாட அழைத்து எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் என்று சொல்வார்கள். அது உண்மையானாலும் இல்லாவிட்டாலும், அந்த விசாரணையின் தரத்தை மக்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

இங்கே ஒருவரைத் தனித்துச் சொல்லியாக வேண்டும். பேராயர் கிரெகோரியோ மெலித்தோன் மார்த்தினெஸ் ஸ்பானியர். பங்குகளைப் பறிப்பது உள்நாட்டுக் குருக்களின் விசுவாசத்தை வெறுப்பாக மாற்றிவிடும் என்று 1870 இறுதியிலேயே மாட்ரிட்டுக்கு எழுதி எச்சரித்தவர் அவர். மரண தண்டனைக்கு முன் மூவரின் குருத்துவ உடையைக் களையும்படி அரசு கேட்டபோது மறுத்து, அவர்களுக்காக ஆலய மணிகளை ஒலிக்கச் செய்தவரும் அவரே. திருச்சபை முழுவதும் ஒரே பக்கம் நின்றது என்று சொல்வோருக்கு அவர் பெயரே மறுமொழி. துறவற சபைகளின் செல்வாக்கு அவருடைய சொல்லைவிட வலியதாக இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

பூர்கோஸின் வீட்டில் தங்கிப் படித்தவர் பாசியானோ. அவருடைய தம்பி ஹொசே ரிசால் 1891இல் தம் இரண்டாம் நாவலை அந்த மூவருக்கும் காணிக்கையாக்கினார். 1897 ஜனவரியில் பிக்கோல் பகுதியைச் சேர்ந்தவர்கள் அதே பகும்பாயனில் ஸ்பானிய அரசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் மூன்று குருக்கள் இருந்தார்கள்: இனோசென்சியோ எர்ரேரா, காப்ரியேல் பிரியேத்தோ, செவெரினோ தியாஸ். இவர்கள் பெயரை மணிலாவுக்கு வெளியே, பிக்கோலுக்கும் அப்பால், எத்தனை பேர் அறிவார்கள்?

எல்லாவற்றையும்விடக் கடினமான பெயர் அருட்தந்தை கிரெகோரியோ அக்லிபாய். சிறையிலிருந்த நுயேவா செகோவியா ஆயரே அவரை அம்மறைமாவட்டத்தின் நிர்வாகியாக்கினார். 1898 அக்டோபரில் புரட்சித் தலைவர் அகினால்தோ அவரைப் புரட்சிப் படையின் தலைமைக் குருவாக்கினார். புரட்சி அரசின் சட்டமன்றமான மலோலோஸ் பேரவையில் இருந்த ஒரே கத்தோலிக்கக் குரு அவர்தான். 1899இல் பேராயர் நொசலேதாவின் தீர்ப்பாயம் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. தீர்ப்பளித்த பேராயர் ஒரு ஸ்பானியத் தொமினிக்கர். அந்த வேளையில் ஸ்பானிய ஆட்சி முடிந்து, பிலிப்பீனியர்கள் அமெரிக்கப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1902இல் இசபெலோ தே லோஸ் ரெயெஸ் அறிவித்த பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபைக்கு அக்லிபாய் தலைமை ஏற்றபின் அவர் கொண்ட இறையியலை நான் ஏற்கவில்லை. ஆனால் இலட்சக்கணக்கான கத்தோலிக்கர் அவர் பின்னே போனது இறையியலைத் தேடியல்ல. ஸ்பானிய ஆயர்கள் விலகிய இடங்களில் ரோமை அடுத்து அனுப்பியதும் அமெரிக்க ஆயர்களையே. முதல் பிலிப்பீனிய ஆயராக ஹோர்ஹே பார்லின் திருநிலை பெற்றது 1906இல். மணிலாவின் பேராயர் இருக்கையில் ஒரு பிலிப்பீனியர் அமர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2021இல் தங்கள் பேரவை பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபையோடு கூட்டறிக்கை வெளியிட்டு, இரு சபைகளின் திருமுழுக்கையும் ஒன்றுக்கொன்று ஏற்றதை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். அடுத்த அடியாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். 1899 தீர்ப்பு எந்த அரசியல் சூழலில், எந்தச் சான்றுகளின் மேல் வழங்கப்பட்டது என்பதை இரு திருச்சபைகளின் வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து ஆராய்ந்து வெளியிடத் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். குருமடங்களில் கற்பிக்கும் திருச்சபை வரலாற்றில் 1774 முதல் 1872 வரையிலான பங்குகளின் வழக்கு முழுமையாக இடம்பெற வேண்டும். பிப்ரவரி 17 திருப்பலிகளில் மூவரின் பெயரோடு பெலாயெஸின் பெயரும் பிக்கோல் குருக்களின் பெயர்களும் சொல்லப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர்