கோல் போட்டவனின் பெயரையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் பல வருடம் உதைபந்தாட்டம் பழக்கியவன் நான். அண்மையில் என்னிடம் பழகிய பெடியன்கள் இரண்டு பேர், எங்கள் கல்லூரி அணியில் முன்பு விளையாடிய ஒருவனைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்கினார்கள். அவன் இப்போது மேசன் வேலை செய்துகொண்டு பிள்ளைகுட்டியோடு இருக்கிறான், கட்டுரை வேண்டுமா என்று அவனை யாரும் கேட்கவும் இல்லை, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. நீக்க வேண்டும் என்று யாரோ குறிப்புப் போட, பெடியன்கள் கொதித்துப்போய் "சேர், நீங்களும் வந்து எழுதுங்கோ" என்றார்கள். எழுதினேன், நீக்கலாம் என்று. அன்றிலிருந்து இருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கட்டுரையில் 'கல்லூரி வீரர்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டு அன்பர் ஒருவர், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்று கேட்டார். எங்களுக்குக் கல்லூரி என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கிற பள்ளிக்கூடம்தானே! பிறகு தலைப்பு உதைபந்தாட்டமா கால்பந்தா என்று ஒரு இழுபறி, அதை விடுவோம்.

அமெரிக்காவில் ஊர்பேர் தெரியாத கல்லூரி ஃபுட்போல்காரருக்கெல்லாம் (அது பந்தைக் கையில் காவிக்கொண்டு ஓடுகிற வேறு விளையாட்டு) ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இருக்கிறதே, எங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது பெடியன்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் சும்மா கொடுப்பதில்லை. ஹெய்ஸ்மன் விருது போல நாடறிந்த பரிசு ஒன்று, அல்லது கல்லூரி ஃபுட்போல் புகழ்மண்டபத்தில் இடம், இல்லாவிட்டால் நாடளாவிய ஊடகங்கள் அவரைத் தனியாளாக எடுத்து எழுதியிருக்க வேண்டும். முன்பு தொழில்முறைப் போட்டி ஒன்றில் இறங்கினாலே போதும் என்று ஒரு குறுக்குவழி இருந்தது, 2022 இல் அதையும் அடைத்துவிட்டார்கள். ஆளோடு தொடர்பில்லாத ஒருவர் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா, அதுதான் கேள்வி. பாடசாலை மலரும் கழகத்தின் முகநூலும் நான் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழும் அந்தக் கணக்கில் வராது. மன்னார் டக்சன் பியூஸ்லஸ் விடயத்தில் இந்தப் பேச்சே எழாது. தேசிய அணிக்கு ஆடியவர், 2022 பெப்ரவரியில் மாலைதீவில் இறந்தபோது கொழும்பு ஊடகங்களும் எழுதின.

எங்கள் ஆள் மாகாண மட்டத்தோடு நின்றவன். 2006 ஓகஸ்டில் சண்டையால் யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு வெளியூர் ஆட்டம் எல்லாம் போயிற்று. அவனுடைய தாய் வெட்டி வைத்திருந்த பேப்பர் துண்டுகள் 2009 இல் விட்டுவிட்டு ஓடிய சூட்கேசோடு போய்விட்டன. பெடியன்கள் நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளை இரண்டு இரவு துழாவி ஒரே ஒரு செய்தியைப் பிடித்தார்கள், நாலு வரி. எந்தப் பத்திரிகை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இன்ன கல்லூரி இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது என்று இருந்தது. கிண்ணம் வழங்கிய பிரதம விருந்தினரின் பெயர் பட்டம் பதவியோடு முழுசாக இருந்தது, கோல் போட்டவனின் பெயர் இல்லை. இரண்டு கோலும் அவன் போட்டதுதான். நான் கோட்டுக்கு வெளியே நின்று கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது ஆதாரம் இல்லையே.

சண்டையில் எல்லாம் அழிந்த எங்களுக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று நானும் ஒரு இரவு யோசித்தேன். தளர்த்தினால் நாளைக்குப் பிரதேச சபைக்கு நிற்கிறவரும் டியூசன் கொட்டில் முதலாளியும் அந்த வாசலால்தான் வருவார்கள். பத்து வருடம் கழித்து யாராவது இரண்டு கோலை இருபதாக்கினால் பிழை என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. கல்லூரியைப் பற்றிய கட்டுரையில் அந்த வெற்றிக்கு ஒரு வரி, அதற்கு அந்த நாலு வரிச் செய்தி போதும். பெடியன்களிடம் அதைத்தான் சொன்னேன், கேட்கிறார்களில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், பாடசாலை ஆட்டச் செய்திகள் இன்றைக்கும் அதே நாலு வரியில்தான் வருகின்றன. குற்றம் உங்கள் பக்கம் மட்டும் இல்லை. ஆட்டம் முடிந்த களைப்பில் நாங்களும் ஒரு குழுப்படத்தையும் முடிவையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுப் போய்விடுவோம். கோல் போட்டவர், எத்தனையாவது நிமிடம், கோல் காப்பாளர், இவ்வளவும் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு நாள் ஒரு வீரனைப் பற்றி அரைப்பக்கம் என்றால் இன்னும் நல்லது.

வரப்போகிற வலயமட்டப் போட்டிக்கு என் பழைய மாணவன் ஒருவன் அணியைக் கூட்டிவருகிறான். எல்லாப் பெடியன்களின் பெயரையும் முதலெழுத்தோடு எழுதி அனுப்புகிறேன், வெட்டாமல் போடுங்கள். இடம் போதாவிட்டால் பிரதம விருந்தினரை வெட்டலாம்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
கிளிநொச்சி