லேபை விடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேராசிரியரிடம் செய்யும் ஆய்வு லேபை விட்டுவிடலாமா என்று சனிக்கிழமை நீ கேட்டபோது அப்பா "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் வாயே திறக்கவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், அவன் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாட்ஸப்பில் எழுதினால் பாதி படிப்பதற்குள் 'ஓகே மா' போட்டுவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் இடைவிடுமுறை வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இதைப் படித்துவிடு, காரணம் கீழே வரும்.

முதலில் பெரியம்மா சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன். 'முதல் வகுப்பு வருமா' என்று அவர் கேட்டது உன்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, தெரிகிறது. முதல் வகுப்பு என்ற பெயரே இப்போது உங்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இல்லை, ஹையஸ்ட் டிஸ்டிங்ஷன் என்கிறார்கள், அதற்கு ஜிபிஏ, அதாவது சராசரி கிரேடுப் புள்ளி, 4.50 வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. உன் 4.1ஐ நான் சொல்லவும் இல்லை. அவர் மகன் நன்யாங் பல்கலைக்கழகத்தில் என்ன வாங்குகிறான் என்று நானும் கேட்டதில்லை. அக்காள் தங்கை உறவு கடைசிவரை நிற்க வேண்டுமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு லேப் பிடிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. ஜூன் மாதம் முழுக்க அந்த ஜெல்லைப் பற்றியே பேசி எங்கள் உயிரை எடுத்தவள் நீ. இப்போது விடப் பார்ப்பது அது பிடிக்காததால் இல்லை. எதையாவது ஒன்றைக் கழற்றிவிட்டால்தான் மூச்சு விட முடியும் என்ற நிலைமைக்கு வந்திருக்கிறாய். கழற்ற வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். எதைக் கழற்றுவது என்பதில்தான் எனக்கு வேறு எண்ணம்.

உன் பாடப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படியே பாடச் சுமையின் ஒரு யூனிட்டுக்கு வாரம் 2.5 மணி நேரம். 4 யூனிட் பாடம் என்றால் 10 மணி நேரம். வழக்கமான 20 யூனிட் எடுத்தாலே வாரம் 50 மணி, என் ஷிஃப்டைவிட அதிகம். நீ எடுத்திருப்பது 24. ஆக 60 மணி நேரம். இது போதாதென்று கிளிமெண்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன், நீ தங்கியிருக்கும் மாணவர் ஹாலில் நாடகக் குழு வேறு. லேப் அந்த 24க்குள் ஒரு 4தான். ஆனால் நீ லேபில் வளர்க்கிற செல்களுக்குக் கால அட்டவணை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவற்றின் ஊட்டத் திரவமான மீடியாவை மாற்ற வேண்டும் என்றால் நீ போய்த்தான் ஆக வேண்டும். அதனால் லேப்தான் உன்னைத் தின்கிறது என்று உனக்குத் தோன்றுகிறது. எனக்கென்னவோ மிச்சம் 20ஐயும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் படுகிறது.

ஊரே எடுக்கிறது என்று நீயும் எடுத்தாயே அந்த டேட்டா பாடம், அதை விடு. நல்ல பாடம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரிலோ மூன்றாம் ஆண்டிலோ எடுத்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறு வரை விலகினால் பட்டியலில் 'டபிள்யூ' என்று விழும், ஜிபிஏவில் சேராது. ஏழாம் வாரம் பிறந்துவிட்டால் அதே விலகல் 'எஃப்' ஆகிவிடும். போன வருஷம் உன் ஹால் தோழிக்கு ஃபோனில் நீ இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாய்.

டபிள்யூ இருந்தால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ரத்தம் பரிசோதிக்கும் எங்கள் லேபுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. லேபில் என்ன செய்தாய், எது சரியாக வரவில்லை, வராதபோது என்ன செய்தாய் என்று கேட்போம். அதற்கு வாய் திறக்காத பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதில் நல்ல கிரேடு வாங்கினவர்களும் உண்டு.

அடுத்து, நீ தூக்கம் கெட்டுக் கிடக்கிற அந்த பெல் கர்வ், வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போடுகிற மணி வளைவு. 78 மதிப்பெண் வாங்கியும் பி பிளஸ்தான் என்று சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது. பி பிளஸுக்கு 4.0. கன்னத்தில் கை வைத்து உட்காருகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் உன்னைக் கலக்குவது அந்த எண் இல்லை, 'எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்' என்கிற நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் அதே வளைவோடுதான் மாரடிக்கிறேன் பாப்பா, அதனால் இதில் கொஞ்சம் பேச எனக்கு உரிமை உண்டு.

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'இயல்பான அளவு' என்று ஒரு வரம்பு போட்டிருக்குமே, அது வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஆரோக்கியமாக இருக்கிற பலருடைய ரத்தத்தை எடுத்து அளந்து, நடுவில் வருகிற 95 சதவீதத்தை வரம்பாக வைக்கிறார்கள். அப்படியென்றால் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற 100 பேரில் 5 பேருக்கு வரம்புக்கு வெளியேதான் விழும். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, கணக்கே அப்படி. யாரை வைத்து வரம்பு போட்டார்கள் என்று பார்ப்பதும் முக்கியம். ஏ.எல்.பி. என்று ரத்தத்தில் ஒரு நொதி உண்டு, ஈரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. வளருகிற பிள்ளைகளுக்கு அது பெரியவர்களுக்கு இருப்பதைப்போல் இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கும். எலும்பு வளருகிறது, அதனால். பெரியவர்களின் வரம்பை வைத்துப் படித்தால் ஈரல் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். தம்பியின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அப்பா அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

உன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் உபகாரச் சம்பளத்தில் வந்தவர்கள், ஒலிம்பியாட் பதக்கம் வாங்கினவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருஷம் லேபிலேயே கிடந்துவிட்டு வந்தவர்கள், கட்டாய தேசிய சேவையை முடித்துவிட்டு உன்னைவிட இரண்டு வயது கூடுதலாக வந்து உட்காரும் பையன்கள். பொறுக்கி எடுத்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கிற ஒருத்தி தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டினால் என்ன சொல்வது? எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டு அந்த எண் வந்தது என்று பார்க்காமல் ரிப்போர்ட் எழுதுகிறவளை எங்கள் லேபில் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. நோட்ஸ் கேட்டால் 'நானே இன்னும் எழுதலை' என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பினாய். பேச்சோடு பேச்சாக, நீயும் இப்போது அப்படித்தான் சொல்கிறாய் என்றாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவளாக இரு என்று உபதேசம் செய்ய வரவில்லை, தான் பின்தங்கிவிடக் கூடாது என்று பதறுகிற அந்தக் கியாசுத்தனத்தால் உனக்கு லாபமும் கிடையாது. 200 பேர் இருக்கிற வகுப்பில் ஒருத்திக்கு நோட்ஸ் கொடுத்தால் வளைவு எவ்வளவு நகரும் என்று நினைக்கிறாய்? அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் உனக்கே எது புரியவில்லை என்று தெரியும். தண்ணீர்ப் போத்தலை வைத்து நூலகத்தில் இடம் பிடிக்கிறதெல்லாம் செய்துகொள், அதில் நான் தலையிடவில்லை.

இப்போது அந்த வெஸ்டர்ன் பிளாட், புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுகிற சோதனை. ஃபோனில் நீ காட்டிய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். சவ்வு முழுக்கக் கன்னங்கரேலென்று இருக்கிறது, பட்டை எங்கே என்று தேடவே முடியவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்காகப் பார்க்கிற ஆக்டின் புரதத்தின் பட்டைகள் வரிசையாக, ஒரே கனத்தில், சுத்தமாக வந்திருக்கின்றன. அதை நீ எனக்குக் காட்டக்கூட இல்லை, நானாகத்தான் அடுத்த படத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். ஆக்டின் ஒழுங்காக வந்திருக்கிறதென்றால் ஜெல் சரியாக ஓடியிருக்கிறது, புரதம் சவ்வுக்கும் ஏறியிருக்கிறது. உன் கை வேலையில் பிசகில்லை. சந்தேகப்பட வேண்டியது ஆன்டிபாடியையும், அது கண்ட இடத்தில் ஒட்டாமல் சவ்வை மூடிவைக்கிற பிளாக்கிங்கையும்தான். நீ தேடுவது பாஸ்பேட் ஏறிய புரதம், பிளாக் செய்வதோ பால் பவுடரில். பாலில் இருக்கிற கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்தானே? மாட்டு ரத்தப் புரதமான பி.எஸ்.ஏ.வில் ஒருமுறை பிளாக் செய்து பார்க்கலாமா என்று உங்கள் லேபில் இருக்கும் திருச்சி அக்காவிடம் கேள். இது என் துறை இல்லை, நாங்கள் மெஷினில் சாம்பிள் ஏற்றுகிறவர்கள். ஆனாலும் கேட்பதற்குக் காசா பணமா?

காலையில் நோயாளிகளின் சாம்பிளைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் கன்ட்ரோல் ஓட்டுவோம். அளவு தெரிந்த சாம்பிள் அது. மெஷின் சொல்கிற எண் சராசரியிலிருந்து மூன்று எஸ்.டி.க்கு (திட்ட விலக்கத்துக்கு) வெளியே போய்விட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், ஒரு ரிப்போர்ட்கூட வெளியே போகக்கூடாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? அதே கன்ட்ரோலை மறுபடி மறுபடி ஓட்டுவார்கள், எப்போதாவது உள்ளே வந்துவிடாதா என்று. ரீஏஜென்ட் பழசா, விளக்கு மங்கிவிட்டதா, கன்ட்ரோலைச் சரியாகக் கரைத்தோமா என்று பார்க்க மாட்டார்கள். நீ அதே பிளாட்டை அப்படியே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டுப் புத்தகத்தில் எழுது. வராவிட்டாலும் எழுது. பரீட்சையில் விடை இருக்கிற கேள்வியாகக் கேட்கிறார்கள். உன் பிளாட்டுக்கு விடை உன் பேராசிரியருக்கே தெரியாது, அதனால்தான் உன்னிடம் கொடுத்திருக்கிறார்.

நீ லேபில் இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பதற்கு இதுதான் காரணம். கியூ.எஸ். பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் உலகத்திலேயே எட்டாவது என்று கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இடம் நீங்கள் எழுதுகிற பரீட்சையால் வந்ததில்லை. உங்கள் ஆசிரியர்களின் ஆய்வுகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேருகிறது. திருச்சி அக்கா மாதிரி பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து ஓட்டுகிற ஜெல்லுக்கும் அதில் பங்கு உண்டு. விரிவுரை, டுடோரியல், பரீட்சை, கிரேடை ஜிபிஏவில் சேர்க்காமல் விடுகிற எஸ்யூ போடலாமா வேண்டாமா என்று நான்கு வருஷத்தையும் கழித்துவிட்டு, அந்த ஆய்வுப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே வருகிறவர்கள்தான் அதிகம். உனக்குக் கதவு திறந்திருக்கிறது.

வேலைக்குப் போகிற வழியில் சில நாள் காலேஜ் ரோட்டுப் பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தைத் தாண்டிப் போவேன். இப்போது அதில் சுகாதார அமைச்சு இருக்கிறது. உன் பல்கலைக்கழகத்தின் வேர் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. டான் ஜியாக் கிம் என்ற வணிகர் முன்னின்று 87,077 டாலர் திரட்டிக் கொடுக்க, 1905இல் 23 மாணவர்களோடு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்த 23 பேரிலும் மதிப்பெண்ணில் கடைசியாக வந்த ஒருவர் இருந்திருப்பார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் அதைக் கேட்டிருப்பார்களா என்ன?

அப்பாவின் மத்திய சேமநிதிப் பணத்தைப் பற்றி நீ தம்பியிடம் சொல்லி அழுததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டணத்துக்கு அவர் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்தது உனக்குக் கொடுத்த கடன், தொலைந்துபோன பணமில்லை. பட்டம் வாங்கி ஓராண்டு கழித்து நீ கட்டத் தொடங்கினால் போதும், 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு, வட்டி 2.5 சதவீதம். அதுவும் அவர் கணக்குக்கே போய்ச் சேரும். நீ ஏ வாங்கினாலும் பி வாங்கினாலும் அதே தொகைதான். அதனால் ஒவ்வொரு கிரேடையும் அப்பாவின் வியர்வையோடு சேர்த்துப் பெருக்காதே. மனிதர் உன்னை மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கினவளாகப் பார்க்கவில்லை என்றுதான் கவலைப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் அந்தப் பாடத்திலிருந்து விலகினாயா இல்லையா என்று ஒரு வரி போடு. இவ்வளவும் படித்த பிறகும் லேபைத்தான் விடுவேன் என்றால் விடு, நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல். டியூஷனை ஒன்றாகக் குறைத்துக்கொள், கைச்செலவுக்கு நான் தருகிறேன்.

தீபாவளிக்குத் திருச்சி அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்து ஹாஸ்டல் அறையில் பண்டிகை நாளைக் கழிப்பதா? பீஷானில் ரயில் மாறி யீஷூனில் நம் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவை. அவர் சைவமா அசைவமா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லிவிடு, தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் போனால் எலும்புதான் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா